எம்டனும் எமது கைதட்டலும்

"அவன் சரியான எம்டன்" என்று சொல்வது எங்கள் பக்கத்தில் சாதாரணம். தந்திரசாலியை, ஒருவருக்கும் பிடிகொடாதவனை, எதற்கும் அஞ்சாதவனை அப்படிச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கண்டிப்பான தகப்பனுக்கும் இந்தப் பட்டம் கிடைப்பதுண்டு. சிங்களவர்களும் இதே சொல்லை ஏறத்தாழ இதே பொருளில் வைத்திருக்கிறார்கள். இரண்டு இனமும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட மிகச் சில விடயங்களில் இதுவும் ஒன்று. 1914இல் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து சென்னையின் மீது குண்டு போட்ட ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் இது என்பதும் பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எங்களுடைய மொழி பேசும் பட்டினம் ஒன்றைச் சுட்ட கப்பலின் பெயரை நாங்கள் ஏன் பாராட்டுச் சொல்லாக வைத்திருக்கிறோம்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. யுத்தம் துரத்தித் துரத்தி உலகின் மூலைமுடுக்கெல்லாம் வந்து சேர்ந்த ஒரு சனக்கூட்டம், யுத்தத்தை யாருடைய கண்ணால் பார்க்கப் பழகியிருக்கிறது என்பதைப் பற்றியது. கப்பலின் மேல்தட்டில் நின்றவனின் கண்ணாலா, கரையில் நின்றவனின் கண்ணாலா?

அந்தக் கப்பலின் கப்டன் கார்ல் வொன் முல்லர். 1873இல் ஹனோவரில் பிறந்து, 1891இல் கடற்படையில் சேர்ந்தவர். இளம் அதிகாரியாக ஜேர்மன் கிழக்காபிரிக்கக் கரையில் சேவை செய்தபோது பிடித்த மலேரியா சாகும்வரை அவரை விடவில்லை. 1913இல் எம்டனின் தலைமை அவருக்குக் கிடைத்தது. யுத்தம் தொடங்கியதும், பசிபிக்கில் நின்ற தன் படையணியிலிருந்து பிரிந்து தனியே இந்து சமுத்திரத்துக்குப் போக அனுமதி கேட்டார். கிடைத்தது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி, பிரித்தானியக் கப்பல் போல வேடமிட்டு, இரண்டே மாதங்களில் 16 பிரித்தானியச் சரக்குக் கப்பல்களை, ஏறத்தாழ 70,000 தொன்னை, கடலுக்கு அடியில் அனுப்பினார். கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் கப்பல்கள் வெளிக்கிடவே பயந்து துறைமுகங்களில் கிடந்தன.

அவர் ஒரு "கனவான்" என்பதுதான் கதையின் உச்சம். பிடித்த கப்பலில் இருந்தவர்களை முதலில் இறக்கிய பிறகே கப்பலை மூழ்கடிப்பார். சேர்ந்தவர்களையெல்லாம் இன்னொரு கப்பலில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பிவைப்பார். பினாங்கில் தான் மூழ்கடித்த பிரெஞ்சுக் கப்பலில் தப்பிய 36 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தார். எதிரி நாட்டின் தலைநகரான இலண்டனில் வந்த பத்திரிகைகளே அவரைப் புகழ்ந்தன. அவர் சிறைப்பட்டபோது அவரும் அவருடைய அதிகாரிகளும் தங்கள் வாள்களை வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் மரியாதை செய்தது.

இவை பொய்யல்ல. பிடித்த சரக்குக் கப்பலின் மாலுமிகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போகும் யுத்தம் பின்னாலேயே வந்தது என்பதால், முல்லரின் நடத்தையைச் சிறுமைப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஒரு மனிதனின் நல்ல குணம் வேறு, அந்தக் குணத்தை வைத்து யுத்தத்துக்கே வெள்ளையடிப்பது வேறு. எம்டனைப் பற்றித் தமிழில் புல்லரித்துப்போய் எழுதுகிறவர்கள் செய்வது இரண்டாவதை.

முதலில் இந்த மரியாதையின் கணக்கைப் பார்ப்போம். கடலில் பிடிபடும் சரக்குக் கப்பலை எப்படி நடத்தவேண்டும் என்பதற்கு அன்று ஐரோப்பிய அரசுகளுக்குள் சட்டம் இருந்தது. ஆட்களைப் பாதுகாப்பாக இறக்கிய பின்புதான் கப்பலை அழிக்கலாம். முல்லர் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். கபிங்கா என்ற கப்பலை அவர் மூழ்கடிக்காமல் விட்ட கதையைச் சொல்பவர்கள், அதன் கப்டன் மனைவி பிள்ளையோடு இருந்தார், அதனால் மனமிரங்கி விட்டார் என்று உருகுவார்கள். அந்தக் கப்பலில் இருந்த சரக்கு அமெரிக்கர்களுடையது. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. மூழ்கடித்திருந்தால் ஜேர்மனி நட்டஈடு கட்டவேண்டி வந்திருக்கும். இதைச் சொன்னால் கதையின் இனிப்புக் குறைந்துவிடும் என்பதால் சொல்வதில்லை.

அந்தக் காலத்துப் பிரித்தானியச் சரக்குக் கப்பல்களில் கரியள்ளிப் போட்டவர்களும் தளம் கழுவியவர்களும் பெரும்பாலும் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கடலோடிகள். கப்பல் போனால் அன்றோடு கூலியும் போகும் என்பதே அக்காலக் கப்பற் சட்டத்தின் பொது விதி. உயிரோடு கரைசேர்த்த கப்டனுக்கு நன்றி சொல்லிக் கைகொடுத்த வெள்ளைக் கப்டன்களின் வார்த்தைகள் பத்திரிகையில் வந்தன. லஸ்கரின் வார்த்தையை யார் கேட்டார்கள்?

இப்போது சென்னைக்கு வருவோம். 1914 செப்டெம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவு. யுத்தம் நடக்கிறது என்ற எண்ணமே இல்லாமல் நகரம் விளக்கேற்றி வைத்திருந்தது. எம்டன் கரையை நெருங்கி, தேடொளி விளக்கைப் போட்டு, பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகளைக் குறிவைத்தது. அரை மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 130 குண்டுகள். எண்ணெய் கொழுந்துவிட்டு எரிந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள், இன்னும் பலர் காயப்பட்டார்கள். கரைப் பீரங்கிகள் பதில் சொல்லத் தொடங்குகையில் கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு நகரத்தைவிட்டு ஓடினார்கள். ரயில் நிலையங்கள் நிரம்பி வழிந்தன. இரவோடிரவாகச் சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவது எப்படியிருக்கும் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஏன் சுட்டார்? முல்லரே காரணம் சொல்லியிருக்கிறார். இந்திய மக்களின் கவனத்தைக் கவரவேண்டும், ஆங்கில வணிகத்தைக் குழப்பவேண்டும், ஆங்கிலேயனின் மதிப்பைக் குறைக்கவேண்டும் என்பவைதான் அவை. அதாவது எங்கள் கவனத்தைக் கவருவதற்கு எங்கள் கரையிலேயே குண்டு போட்டார். கவரவும் செய்தார். நூறு வருடம் கடந்தும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே! சென்னை உயர் நீதிமன்ற மதிலில் அந்தக் குண்டுவீச்சுக்கு நினைவுக்கல் உண்டு. எம்டனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு செத்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா?

"வெள்ளைக்காரனுக்கு அடித்தானே, அதுதான் எங்கள் சனம் மகிழ்ந்தது" என்று ஒரு நியாயம் உண்டு. அடிமைப்பட்ட சனத்துக்கு ஆண்டையின் தாங்கி எரிவதைப் பார்க்க மகிழ்ச்சி வந்தது இயற்கைதான். அந்த மகிழ்ச்சியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அடித்தவனும் ஓர் ஆண்டை என்பதை அன்றைய சனத்துக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்கு வழியுண்டு. அதனால் எம்டனின் முந்திய சேவைக் குறிப்பையும் புரட்டிப் பார்க்கவேண்டும்.

பசிபிக்கில் பொனாப்பே என்று ஒரு தீவு. இன்று பொன்பேய் என்பார்கள். அன்று ஜேர்மனியின் குடியேற்றம். தெருப்போடும் கட்டாய வேலையில் ஒருவனைச் சவுக்கால் அடித்ததில், 1910 ஒக்டோபரில் சொக்கேஸ் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்து ஜேர்மன் மாவட்ட அதிகாரியையும் இன்னும் சிலரையும் கொன்றார்கள். தண்டிக்க வந்த கப்பல்களில் ஒன்று எம்டன். 1911 ஜனவரியில் அதன் பீரங்கிகள் சொக்கேஸ் மலையைச் சுட்டன, அதன் மாலுமிகள் கரையிறங்கி வேட்டையாடினார்கள். பெப்ரவரியில் 15 பேரை நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மிச்சமிருந்த சொக்கேஸ் மக்கள் 426 பேரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கப்பலேற்றி 2000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள பலாவு தீவுகளுக்கு நாடுகடத்தினார்கள். அவர்களுடைய காணியை வேறு தீவுகளிலிருந்து கொண்டுவந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

அப்போது கப்பலின் தலைவர் முல்லர் அல்ல. ஆனால் கப்பல் அதே கப்பல், பீரங்கி அதே பீரங்கி, கொடி அதே கொடி. அவர் தலைவரான பிறகு, 1913இல், சீனாவின் யாங்சி நதியில் கிளர்ச்சியாளர் கையிலிருந்த கோட்டைகளை எம்டன் சுட்டது. அதற்கு அவருக்கு விருதும் கிடைத்தது. சரக்குக் கப்பலின் ஆங்கிலக் கப்டனுக்குச் சட்டமும் மரியாதையும் உண்டு. சொக்கேஸ் மலையில் கட்டாய வேலைக்கு மறுத்தவனுக்கு எந்தச் சட்டம் இருந்தது? கனவான்தனம் என்பது கனவான்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட சுருட்டு. எங்களைப் போன்றவர்களின் பக்கம் அதன் புகைதான் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் பங்குக்கு நாங்கள் செய்த கற்பனை ஒன்றையும் சொல்லவேண்டும். செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் அதிகாரியாக இருந்து, சென்னை மீதான தாக்குதலை அவரே வழிநடத்தினார் என்று தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் 1914 செப்டெம்பரில் இருந்தது சுவிற்சர்லாந்தின் சூரிச்சில். அங்கிருந்துதான் பேர்லினுக்குப் போய் இந்திய விடுதலைக் குழுவில் சேர்ந்தார். எம்டனோ ஜூலை 31ஆம் திகதியே சீனக் கரையின் சிங்தாவோவை விட்டு வெளியேறிய கப்பல். பேர்லினில் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் வைத்து அந்த மனிதர் உண்மையில் செய்த வேலை எங்களுக்குப் போதவில்லை. பீரங்கிக்குப் பின்னால் நிறுத்தினால்தான் வீரன். பேனாவோடு இருந்தவனுக்குச் சீருடை மாட்டிவிடுகிற இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

எம்டனுக்கு இந்தியர்கள்மேல் இருந்த அக்கறை எப்படிப்பட்டது என்பதைச் சிங்கப்பூரில் காணலாம். யூலியஸ் லவுட்டர்பாக் என்பவர் எம்டனின் அதிகாரிகளில் ஒருவர். பிடிபட்டுச் சிங்கப்பூரின் டாங்லின் முகாமில் அடைக்கப்பட்டார். காவலுக்கு நின்றவர்கள் ஐந்தாம் இலகு காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். தங்களைத் துருக்கியருக்கு எதிராகச் சண்டைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அஞ்சிக்கொண்டிருந்த முஸ்லிம்கள். லவுட்டர்பாக் அவர்களோடு பேசிப் பேசி மூட்டிவிட்டார். 1915 பெப்ரவரி 15ஆம் திகதி சிப்பாய்கள் கிளர்ந்தார்கள், முகாமைத் திறந்துவிட்டார்கள். லவுட்டர்பாக் அவர்களோடு சேர்ந்து நிற்கவில்லை. வேறு சில ஜேர்மனியரோடு தப்பியோடினார். நாடு திரும்பித் தன் வீரதீரங்களைப் புத்தகமாக்கினார். 200க்கு மேற்பட்ட சிப்பாய்கள் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். 47 பேர் அவுட்ராம் சிறைச்சாலை மதிலோடு, ஆயிரக்கணக்கான சனம் பார்த்திருக்க, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முல்லருக்கு வாள், லவுட்டர்பாக்குக்குப் புத்தகம், சிப்பாய்க்கு மதில். யுத்தத்தில் பங்கு பிரிக்கப்படுவது இப்படித்தான்.

இலங்கையிலும் ஒருவர் மாட்டுப்பட்டார். எங்கெல்பிரெக்ட் என்ற போயர். தென்னாபிரிக்க யுத்தத்தில் சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசம் சொல்ல மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கி, யால சரணாலயத்தின் முதல் காவலரானவர். எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற வதந்தியின் பேரில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. நாடில்லாதவன்மீது வதந்தி ஒட்டுவது எவ்வளவு எளிது என்பது நாங்கள் அறியாததல்ல.

எம்டனின் முடிவு 1914 நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளில். அவுஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி, நீளத்தூரம் சுடும் பெரிய பீரங்கிகளோடு வந்தது. எம்டன் உடைந்து, எரிந்து, பவளப்பாறையில் ஏற்றப்பட்டது. அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் எம்டனின் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறாயா என்று சிட்னி சைகையால் கேட்டது. சைகைப் புத்தகங்களை ஏற்கெனவே அழித்துவிட்ட எம்டனிலிருந்து பதில் இல்லை. சிட்னியின் கப்டனும் கனவான்தான். கொடி இறங்காத கப்பலைச் சுடலாம் என்பது விதி. சுட்டார். ஏறத்தாழ 20 பேர் அந்தக் கடைசி வேட்டுகளில் செத்தார்கள். இருபுறமும் கனவான்கள், இருபுறமும் விதி, நடுவில் ஒரு துணி. எம்டனில் செத்தவர்கள் மொத்தம் 130க்கும் மேல். சிட்னியில் நான்கு பேர். காயப்பட்டவர்கள் அடுத்த நாள்வரை தண்ணீரின்றி அந்தச் சிதைவில் கிடந்தார்கள். எம்டனில் துணி வெளுக்கச் சீனத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களும் செத்தார்கள். எந்தப் பேரரசுக்காக?

எம்டன் கதைகளில் எல்லோரும் சிரித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1914 ஒக்டோபரில் கப்பல் டியேகோ கார்சியா தீவுக்குப் போனது. யுத்தம் தொடங்கிய செய்தியே அங்கு எட்டியிருக்கவில்லை. தேங்காய்த் தோட்டத்துப் பொறுப்பாளர்கள் வரவேற்று உபசரித்தார்கள். ஜேர்மனியர் அவர்களின் பழுதான மோட்டார்ப் படகைத் திருத்திக் கொடுத்தார்கள். நல்ல கதை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அந்தத் தீவுக்கூட்டத்து மக்களை, 1968க்கும் 1973க்கும் இடையில் பிரித்தானியா மொத்தமாக வெளியேற்றியது. அமெரிக்கக் கடற்படைக்குத் தளம் வேண்டியிருந்தது. அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட நச்சுப்புகையில் கொன்றார்கள். 2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்ட படகொன்று பழுதாகி அதே தீவில் கரைசேர்க்கப்பட்டது. அதில் வந்தவர்கள் எங்கள் ஆட்கள். எலி ஓடும் கூடாரங்களில், வேலி போட்டு, மூன்று வருடம் வைத்திருந்தார்கள். உயிரை மாய்க்க முயன்றவர்களும் உண்டு. 2024 டிசெம்பரில்தான் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றமும் அதே மாதம் சொன்னது.

ஜேர்மன் கப்டன் வந்தபோது உபசாரம். தமிழ் அகதி வந்தபோது முள்வேலி. ஒரே தீவு. ஆனால் எங்கள் வாயில் எந்தப் பெயர் நிற்கிறது? முல்லரின் கப்பற்பெயர் நிற்கிறது.

முல்லருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மால்ட்டாவிலும் இங்கிலாந்திலும் சிறையிருந்து, ஒருமுறை தப்பியோடிப் பிடிபட்டு, மலேரியா முற்றி 1918இல் ஊர் திரும்பியவர், எம்டனைப் பற்றிப் புத்தகம் எழுத மறுத்துவிட்டார். செத்த தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவது போலிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். 1923இல், ஐம்பது வயது நிறையுமுன், இறந்தார். மற்றவர்கள் எழுதினார்கள். ஜேர்மன் கடற்படை அதே பெயரைக் கப்பலுக்குப் பின் கப்பலாக வைத்தது. தப்பிய மாலுமிகளின் குடும்பங்களுக்கு "எம்டன்" என்பதைத் தம் பெயரோடு சேர்க்கும் உரிமையும் கொடுக்கப்பட்டது. செத்தவர்களை வைத்து அடுத்த யுத்தத்துக்கு ஆள் சேர்ப்பது அரசுகளுக்குக் கைவந்த கலை. அதைச் செய்ய மறுத்தவரின் மௌனத்தை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் வெறுத்த ஆரவாரத்தைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அதே கப்பலின் முதல் அதிகாரி ஹெல்முத் வொன் முக்கே. கொக்கோஸில் கரையிறங்கியிருந்ததால் தப்பி, ஓர் ஓட்டைப் பாய்க்கப்பலில் 50 பேரளவில் ஏற்றிக்கொண்டு, அரேபியப் பாலைவனம் தாண்டிக் கொன்ஸ்தாந்திநோபிள் போய்ச் சேர்ந்தவர். அவருடைய புத்தகங்கள் அமோகமாக விற்றன. அந்தப் புகழோடு 1920களில் நாசிக் கட்சியில் சேர்ந்தார், சக்சனி மாநிலச் சபையிலும் இருந்தார். 1929இல் விலகினார். மெல்ல மெல்ல யுத்தத்துக்கே எதிரியானார். நாசிகள் அவரை எழுதவிடாமல் தடுத்தார்கள், சிறையிலும் போட்டார்கள். 1950களில் மேற்கு ஜேர்மனி மறுபடி படை கட்டியபோது, முதுமையிலும் அதை எதிர்த்துப் பேசினார். இப்போது அவர் மீது தேசத்துரோகப் பழி வந்தது. 1957இல் இறந்தார். பாய்க்கப்பலில் தப்பிய முக்கேயை உலகம் கொண்டாடியது. "இனி யுத்தம் வேண்டாம்" என்ற முக்கே ஊருக்குத் தொல்லையானார். சீருடைக்காரன் எதைச் செய்தால் வீரன், எதைச் சொன்னால் துரோகி என்பதை இந்த ஒரு வாழ்க்கையே காட்டிவிடுகிறது.

எனவே, கடற்படை அதிகாரிகளின் வரலாறு எழுதப் புறப்படும் எமது எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதுங்கள். கப்பலின் நீளத்தையும் பீரங்கியின் வாய் அகலத்தையும் எழுதுங்கள். ஆனால் குண்டு எந்தக் கரையில் விழுந்தது, அங்கு யார் இருந்தார்கள், அடுத்தநாள் காலை அவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கரையிலிருந்து ஓடிவந்தவர்கள் நாங்கள். எங்களுக்கும் மேல்தட்டிலிருந்துதான் கதை சொல்லவேண்டுமென்றால், கரையின் கதையைச் சொல்ல வேறு யார் வரப்போகிறார்கள்?